குமுதாக்ஷி அல்லது தீவில் நடந்த கல்யாணம்

கேரி தீவு,
8-11-1931

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள அக்கா மகதலேனாவுக்கு, தங்கை சாந்தமேரி எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் இங்கே நானும் இவரும் மகள் சூசன்னாவும் சுகம். பிரிக்பீல்ட்ஸில் நீயும் மாரிஸ் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? அத்தானுடைய இருமல் நின்றதா?

நீ அனுப்பிய நாவல் பொட்டலம் போன சனிக்கிழமை சம்பான் படகில் வந்து சேர்ந்தது. துப்பறியும் நாவலை எடுத்தவள் கீழே வைக்கவில்லை. பூட்டிய அறைக்குள் மிராசுதார் செத்துக் கிடக்க, ஜன்னலோரம் உடைந்த வளையல் துண்டு மின்னுகிறதே, அந்த இடத்தில் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. அடுப்பில் பருப்பு தீய்ந்துபோனது. வைத்தியர்தான் கொலைகாரர் என்று கடைசிப் பக்கம்வரை எனக்குத் தெரியவில்லை. நீ மூன்றாம் அத்தியாயத்திலேயே கண்டுபிடித்திருப்பாய்.

அந்த நீதி நாவல்தான் எனக்குப் பிடிக்கவில்லை. புருஷன் அடிக்கிறான், நகையைப் பறிக்கிறான், அவள் பொறுமையாக இருக்கிறாள். பன்னிரண்டு வருஷம் கழித்து அவன் திருந்தி அழுகிறான். அந்தப் பன்னிரண்டு வருஷத்தையும் எழுதியவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "இவ்வாறு வருஷங்கள் உருண்டோடின." உருண்டோடினவாம்! எனக்கு வந்த கோபத்தில் புத்தகத்தை அரிசிப் பெட்டிமேல் எறிந்தேன்.

ரப்பர் விலை விழுந்ததிலிருந்து இங்கே ஆட்களை ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டே இருக்கிறார்கள். அடுத்தது கணக்கெழுதும் கிராணிமார்தான் என்று பேச்சு. இவர் ஆபீஸிலிருந்து வந்தால் வாயே திறப்பதில்லை. தோட்டத்துத் தபால் பை இவர் கையில் இருப்பதால் என் கடிதங்களைப் படித்துப் பார்த்துத்தான் ஒட்டுகிறார். சின்னக் கிராணியின் பெண்சாதி பிழையோடு எழுதினால் கேவலமாம். உன் கடிதத்தையும் இவர்தான் முதலில் பிரிக்கிறார். எனக்கு உறை கிழிக்கும் வேலை மிச்சம்.

உன் அன்புத் தங்கை,
சாந்தமேரி

(பென்சிலில்) பார்வையிட்டேன். அ. ரபேல்.


பிரிக்பீல்ட்ஸ், ரயில்வே குவார்ட்டர்ஸ்,
22-11-1931

சேசு மரி சூசை துணை.

என் அருமைச் சாந்தாவுக்கு அக்காள் எழுதுவது. நாங்கள் சுகம். அத்தானின் இருமலும் சுகமாக இருக்கிறது, ஒரு குறையும் இல்லை.

மூன்றாம் அத்தியாயமா? இரண்டாவதிலேயே வைத்தியரைப் பிடித்துவிட்டேன். செத்தவன் வீட்டில் காபி கேட்டு வாங்கிக் குடிக்கிறான் என்றால் அவன் மனசில் கள்ளம் இருக்கிறது என்று அர்த்தம். படிக்கத் தெரிந்து படித்தால் எல்லாம் தெரியும். நீ பருப்பைப் பார்த்துக்கொண்டே படிக்கிறாய்.

ஆனால் அந்த நீதி நாவலை எறிந்தாய் பார், அது தப்பு. நான் அழுதழுது படித்தேன். பொறுமைதான் பெண்ணுக்குப் பெலன் என்று எவ்வளவு அழகாக முடித்திருக்கிறார்! உனக்குச் சின்ன வயதிலிருந்தே கொலையும் கொள்ளையும் இருந்தால்தான் கதை.

மாப்பிள்ளையின் கையெழுத்து அச்சுக் கோத்ததுபோல இருக்கிறது. பெண்சாதியின் கடிதத்தை உட்கார்ந்து படிக்கிற புருஷன் யாருக்குக் கிடைப்பான்? என் வீட்டுக்காரரிடம் கடிதத்தை நீட்டினால் முதுகு சொறியத்தான் ஆகும்.

சூசன்னாவைக் கிறிஸ்து பிறந்த திருநாளுக்கு இங்கே அனுப்பு. பதினைந்து வயதுப் பெண் தீவில் உட்கார்ந்து கொசுவையா எண்ணுவாள்? கன்னியர் மடத்தில் தையல் வகுப்பு இருக்கிறது, தங்க இடமும் கொடுக்கிறார்கள். நான் அவளுடைய ஞானத்தாய். அவளைப் பற்றிக் கேட்க எனக்கும் பாத்தியதை உண்டு.

உன் அக்காள்,
மகதலேனா


கேரி தீவு,
13-12-1931

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள அக்காவுக்கு, இங்கே மழை. மற்றபடி சுகம். உங்கள் சுகத்துக்கு மன்றாடுகிறேன்.

சூசன்னா திருநாளுக்கு வரமாட்டாள். இவருக்கு விருப்பமில்லை. பெரிய கிராணி இக்னேஷியஸ் திருநாளன்று எங்கள் வீட்டில் சாப்பிடுகிறார். போன வருஷம் பெண்சாதியைப் புதைத்த பிறகு அவருக்குச் சமைத்துப் போட ஆளில்லை. போன வாரமும் வந்திருந்தார். சூசன்னா வைத்த மீன் குழம்பை மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தை மாதத்துக்குப் பிறகு அவருக்குத் தெலுக் பங்லிமா காராங்கில் பெரிய தோட்டத்துக்கு மாற்றல். அவர் இடத்துக்கு யாரைப் போடுவது என்று துரை அவரைத்தான் கேட்பாராம்.

நீ அனுப்பிய பொட்டலத்தின் அடியில் இன்னொரு நாவல் இருந்ததே, "குமுதாக்ஷி அல்லது தீவில் நடந்த கல்யாணம்", அதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். நீ படித்தாயா? குமுதாக்ஷியின் புருஷன் ஒரு தீவு ஜமீனில் சின்னக் காரியஸ்தன். அங்கே பெண்சாதியை இழந்த ஒரு கிழட்டுத் திவான். குமுதாக்ஷியின் மகள் வனஜாமேல் அவனுக்குக் கண். மகளைக் கொடுத்தால் திவான் பதவி உனக்கு என்கிறான். புருஷன் சரி என்றுவிட்டான். வனஜா தலையணையைக் கடித்துக்கொண்டு அழுகிறாள். இவ்வளவுதான் படித்திருக்கிறேன். எனக்கு நெஞ்சு பதைக்கிறது அக்கா. நீ மேலே என்ன நடக்கும் என்று நினைக்கிறாய்? உன் பதிலுக்காகக் காத்திருக்கிறேன். உடனே எழுது.

சாந்தமேரி

(பென்சிலில்) பார்வையிட்டேன். கதைப் பைத்தியம் அதிகம். அ. ரபேல்.


பிரிக்பீல்ட்ஸ்,
28-12-1931

சேசு மரி சூசை துணை.

சாந்தாவுக்கு, திருநாள் நன்றாகக் கழிந்தது. நான் செய்த அச்சு முறுக்கில் பாதி கருகிவிட்டது. மீதியை அத்தான் தின்றுவிட்டு இருமினார். அங்கே எல்லோரும் சுகந்தானே?

"குமுதாக்ஷி"யை நான் அனுப்பியதாக நினைவில்லை. புத்தகக் கடைச் சின்னையா கைதவறிச் சேர்த்துக் கட்டியிருப்பான். நமக்கு லாபம்! கதை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் எழுதியவர் கொஞ்சம் மிகைப்படுத்துகிறார். பெற்ற தகப்பன் பதவிக்காக மகளைக் கிழவனுக்குக் கொடுப்பானா? கதைக்காக எழுதுகிறார்கள். ரொம்பவும் பொல்லாதவனைக் காட்டினால் படிக்கிறவர்களுக்கு நம்பிக்கை போய்விடும்.

மேலே நடப்பதைக் கேட்டாயே, சொல்கிறேன். குமுதாக்ஷி பொறுமையாக இருப்பாள். கல்யாணத்துக்கு முந்தின நாள் திவானுக்குக் கடும் ஜுரம் காணும். வனஜாவே பணிவிடை செய்வாள். அவன் மனம் திருந்தி, "மகளே!" என்று கூப்பிடுவான். நீ வேண்டுமானால் பந்தயம் கட்டு.

அக்காள்


கேரி தீவு,
17-1-1932

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள அக்காவுக்குத் தோத்திரம். சரீர சுகத்துக்கு ஒன்றும் குறைவில்லை.

நீ சொன்னது நடக்கவில்லை. திவான் கல்லுக்குண்டாக இருக்கிறான். கல்யாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. ஆனால் ஆடி வருகிறது. ஆடியில் சுபகாரியம் கூடாது, அதனால் ஆடி முடிந்த கையோடு தாலி. குமுதாக்ஷிக்கு இருக்கிற அவகாசம் அந்த ஒரு ஆடிதான்.

அவளுக்கு ஒரு அக்காள் இருக்கிறாள், அலமேலு. டவுனில் நல்ல நிலையில் இருப்பவள். வனஜாவுக்குப் பேர் வைத்தவளே அவள்தான். அவள் ஒரு நடை படகேறி வந்து, "குழந்தை என்னோடு நாலு நாள் இருக்கட்டும்" என்று கையைப் பிடித்து அழைத்துப்போனால் போதும். அக்காள் கேட்டால் காரியஸ்தனால் மறுக்க முடியாது. ஊர் சிரிக்கும் என்று பயப்படுகிறவன். குமுதாக்ஷி ஜாடையாக அவளுக்குச் சொல்லி அனுப்பிக்கொண்டே இருக்கிறாள். நேராகச் சொல்ல அவளுக்கு வழியில்லை. ஏன் என்று புத்தகத்தில் இல்லை. நீதான் புத்திசாலி, கண்டுபிடி.

அக்கா, நம் காலண்டரில் ஆடி எப்போது வருகிறது என்று பார்.

சாந்தமேரி

(பென்சிலில்) பார்வையிட்டேன். இந்த நாவலை வீட்டில் நான் கண்டதில்லை. அனுப்பியது தாங்கள்தானா என்று தெரிவிக்கவும். அ. ரபேல்.


பிரிக்பீல்ட்ஸ்,
2-2-1932

சேசு மரி சூசை துணை.

சாந்தாவுக்கு, நாங்கள் சுகம். நீ ரொம்ப நாவல் படித்து உடம்பைக் கெடுத்துக்கொள்கிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆடி ஜூலையில் வருகிறது. வேதக்காரப் பெண்ணுக்கு ஆடியும் ஆவணியும் எதற்கு?

அந்த அலமேலு இருக்கிறாளே, அவளைப்போல ஒரு மண்டூகத்தை நான் எந்த நாவலிலும் பார்த்ததில்லை! தங்கை இவ்வளவு ஜாடை காட்டுகிறாள், இவளுக்கு உறைக்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்? நானாக இருந்தால் முதல் ஜாடையிலேயே சம்பான் ஏறியிருப்பேன். கதையை இழுப்பதற்காக அவளை அப்படி உட்கார வைத்திருக்கிறார்கள். இது எழுதியவரின் குறை.

மாப்பிள்ளை கேட்டதற்காகச் சின்னையா கடைக்கே போய் விசாரித்தேன். அவன் சத்தியம் செய்கிறான். "அப்படி ஒரு நாவலே இல்லே லா, அக்கா. நாகப்பட்டணம் கப்பல்ல வர்ற பொஸ்தகம் பூரா என் கையத் தாண்டித்தான் போவுது. குமுதாக்ஷியும் இல்லே, கிமுதாக்ஷியும் இல்லே. உங்க தங்கச்சி கனா கண்டிருக்கும்" என்றான். கேட்டாயா வேடிக்கையை? தலைப்பைச் சரியாகப் பார்த்து எழுது. மாப்பிள்ளை, நான் அனுப்பவில்லை, அப்படி ஒரு புத்தகமும் கிடையாதாம். உங்கள் வீட்டில் எப்படி முளைத்தது என்று நீங்களே துப்பறியுங்கள்!

இன்னொரு சமாசாரம். அடுத்த வாரம் விபூதிப் புதன். பாஸ்காத் திருநாள் வரைக்கும் இந்த நாற்பது நாள் தபசு காலத்தில் எனக்குப் பிரியமான ஒன்றை விட்டுவிடச் சாமியார் சொன்னார். மாமிசத்தை எல்லோரும் விடுகிறார்கள். நான் நாவலை விடுகிறேன். படிப்பதுமில்லை, பேசுவதுமில்லை. ஆகவே பாஸ்கா வரையில் உன் குமுதாக்ஷியைப் பற்றி ஒரு வரி எழுதக் கூடாது. எழுதினால் அந்தப் பாவம் உனக்கு.

அக்காள்


கேரி தீவு,
21-2-1932

அன்புள்ள அக்காவுக்கு, நாங்கள் சுகம். உங்கள் சுகம் அறிய ஆவல்.

உன் கடிதம் கிடைத்தது. இவர் எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார். உன் விருப்பப்படியே நாவலைப் பற்றி எழுதவில்லை. சூசன்னா இளைத்திருக்கிறாள்.

(இங்கே ஒரு வரி மையால் அழுத்தி அடிக்கப்பட்டிருக்கிறது.)

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

சாந்தமேரி

(பென்சிலில்) பார்வையிட்டேன். தாங்கள் விசாரித்து எழுதியதற்கு வந்தனம். தாங்கள் எடுத்துள்ள ஒறுத்தல் மேலானது. இவளும் அதையே அனுசரிப்பாள். அ. ரபேல்.


பிரிக்பீல்ட்ஸ்,
6-3-1932

சேசு மரி சூசை துணை.

சாந்தாவுக்கு, உன் கடிதம் தந்திபோல இருந்தது. கோபமா? அடித்திருந்த வரியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கைப்பழக்கத்தில் குமுதாக்ஷியை எழுதிவிட்டு, என் ஒறுத்தல் ஞாபகம் வந்து நீயே அடித்துவிட்டாய், அப்படித்தானே? வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், "வா" என்று ஒரு எழுத்து மட்டும் தெரிந்தது. "வாசித்தேன்" என்று தொடங்கியிருப்பாய். அதற்குமேல் பார்த்தால் ஒறுத்தல் முறிந்துவிடும் என்று மடித்து வைத்துவிட்டேன். ரொம்ப நல்ல பெண் நீ.

உண்மையைச் சொன்னால் எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. சிலுவைப்பாதையில் முழங்காலில் நிற்கும்போது வனஜா வந்து நிற்கிறாள். தலையை உதறிக்கொள்கிறேன். மாரிஸ் கேலி செய்கிறார். பாஸ்கா மணி அடிக்கட்டும். அதற்குப் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் எழுது.

சூசன்னா இளைத்தாளா? வளர்கிற பெண்கள் அப்படித்தான். கோழிமுட்டை கொடு. தபசு காலத்தில் வளர்கிற பிள்ளைகளுக்கு விலக்கு உண்டு.

அக்காள்


பிரிக்பீல்ட்ஸ்,
28-3-1932

அல்லேலூயா!

என் சாந்தாவுக்குப் பாஸ்காத் திருநாள் வாழ்த்து. எல்லோரும் சுகமா? பூசை முடிந்து வந்து, காபிகூடக் குடிக்காமல் எழுதலாம் என்றிருந்தேன், விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். அதனால் இன்றைக்கு.

சொல்லு! வனஜாவுக்கு என்ன ஆயிற்று? எனக்கு ஒரு முடிவு தோன்றியிருக்கிறது. அந்த மண்டூகம் அலமேலுவுக்குக் கடைசியில் புத்தி வருகிறது. கல்யாணத்தன்று படகேறி வருகிறாள். பந்தலில் எல்லோரும் பார்க்க, "இந்தப் பெண்ணுக்குப் பேர் வைத்தவள் நான். எழுந்து வாடி என் கண்ணே!" என்கிறாள். திவான் முகத்தில் ஈயாடவில்லை. இதைவிட நல்ல முடிவு இருக்க முடியாது. நீதி நாவல் பிடிக்கும் எனக்கே பொறுமை போய்விட்டது பார்!

தபசு காலம் முழுக்க என் ஞாபகமெல்லாம் அங்கேதான் இருந்தது. உடனே எழுது.

உன் அக்காள்,
மகதலேனா


கேரி தீவு,
17-4-1932

அக்கா,

இது தபால் பையில் வரவில்லை. கூட்டிப் பெருக்க வரும் வள்ளியம்மா கிள்ளான் பாசாருக்குப் போகிறாள், அங்கே போடச் சொல்லிக் கொடுக்கிறேன். அடியில் பென்சில் எழுத்து இருக்காது.

பாஸ்கா கழிந்த புதன்கிழமை சூசன்னாவுக்கும் பெரிய கிராணி இக்னேஷியஸுக்கும் கல்யாணம் நடந்தது. அவருக்கு வயது நாற்பத்தொன்பது. அவருடைய மூத்த மகன் சூசன்னாவைவிடப் பெரியவன். இவர் இப்போது பெரிய கிராணி. உனக்குச் சொல்லக் கூடாது என்பது இவர் உத்தரவு. ஞானத்தாய் வந்தால் தடை சொல்வாள் என்று பயம். நீ வரமாட்டாய் என்று எனக்குத் தெரிந்திருந்தால் நானே இவருக்குத் தைரியம் சொல்லியிருப்பேன்.

குமுதாக்ஷியை எழுதியது நான்தான். அலமாரியில் உள்ள எல்லா நாவலையும் படித்துப் படித்து அந்த நடை எனக்கு வந்திருந்தது. இவர் நாவல் படிக்காதவர், இவருக்குப் புரியாது என்று நினைத்தேன். நீ படிக்கிறவள், உனக்குப் புரியும் என்று நினைத்தேன். இரண்டும் தப்பு. ஆடி என்றால் தபசு காலம். நமக்கும் அந்த நாற்பது நாளும் கல்யாணம் கிடையாதே, அக்கா. அந்த நாட்களை எண்ணித்தான் நான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதே நாட்களில்தான் நீ காதைப் பொத்திக்கொண்டாய்.

அப்படி ஒரு நாவலே இல்லை என்று நீ எழுதினாய் அல்லவா, அதை இவர் இரண்டு தரம் படித்துக் காட்டினார். பிறகு சிரித்தார். "இல்லாத நாவல இம்புட்டு நல்லா சொல்றியே. நீ பொல்லாதவடி" என்றார். அன்றோடு பேனாவும் மையும் ஆபீஸுக்குப் போய்விட்டன. அடுத்த கடிதத்தை இவர் எதிரில் உட்கார்ந்துதான் எழுதினேன்; இது வள்ளியம்மா கொண்டுவந்த பேனா. அந்த அடித்த வரியும் நான் அடித்ததல்ல. "வா அக்கா, ஒரே ஒரு நாள்" என்று எழுதியிருந்தேன்.

கோயிலில் மூன்று ஞாயிறும் கல்யாண ஓலை வாசித்தார்கள். தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் நிமிர்ந்து பார்த்தார். பெற்றவள் நான் எழுந்திருக்கலாம். எழுந்திருக்கவில்லை. மூன்று ஞாயிறும் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். உன்மேல் மட்டும் பழி போட்டுவிட்டு நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. ஆனால் உனக்கு நான் நல்லவளாக இருக்கவும் இனி எனக்கு இஷ்டமில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சூசன்னா கேட்டாள், "பெரியம்மாவுக்கு நிஜமாவே தெரியாதாம்மா?" என்று. தெரியாது என்றேன். "நீ சொன்னதெல்லாம் அவங்க படிச்சாங்கதானே?" என்றாள். படித்தாள் என்றேன்.

உன் பாஸ்காக் கடிதம் கல்யாணத்துக்கு மறுநாள் வந்தது. இவர் பிரித்து, படித்து, சிரித்துக்கொண்டே என்னிடம் தந்தார். அலமேலு பந்தலில் வந்து நிற்கும் உன் முடிவைப் படித்தேன். நன்றாக இருந்தது. நானும் அதே முடிவைத்தான் வைத்திருந்தேன்.

உன் நாவல்களை வள்ளியம்மா அடுப்பெரிக்க எடுத்துப் போகிறாள். பொறுமைசாலியின் நாவல் மட்டும் என்னிடம் இருக்கட்டும். அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் என்ன நடந்திருக்கும் என்பது இனி எனக்கு எழுதத் தெரியும்.

சூசன்னாவின் முதல் கடிதம் நேற்று தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து வந்தது. சுகமாக இருக்கிறாளாம். வீடு பெரிதாம். கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீராம். பெரியம்மாவைக் கேட்டதாகச் சொல்லச் சொல்லியிருக்கிறாள். அதற்குக் கீழே, பென்சிலில் அல்ல, நல்ல கறுப்பு மையில், வேறொரு கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது.

பார்வையிட்டேன். சூ. இக்னேஷியஸ்.